செயலாளர் ஆண்டறிக்கை: பசால்ட் வழக்கை மறுபடி எடுத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டின் வாசிப்பும் செய்முறையும் ஒரே பொருளைச் சுற்றி நடந்தன. பாறைகள், முக்கியமாகப் பசால்ட் எனும் கரிய நுண்மணிப் பாறை, நீரில் படிந்து உண்டானவையா, நெருப்பில் உருகி உறைந்தவையா என்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்த வழக்கு அது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழுத் தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. அவற்றை இங்கே திருப்பிச் சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வெர்னர் தரப்பு

வழக்கில் தோற்றுப்போன நீர்க் கட்சியை முதலில் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்தது. அதற்குச் சிறு எதிர்ப்பு இருந்தது. ஆனால் அப்படிச் செய்ததால்தான் பின்னால் வந்த நெருப்புக் கட்சியின் ஹட்டனும் ஹாலும் எதற்குப் பதில் சொன்னார்கள் என்பதே விளங்கிற்று.

ஆபிரகாம் காட்லோப் வெர்னர் 1775 முதல் 1817இல் இறக்கும்வரை சாக்சனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் பாடம் சொன்னவர். சுரங்கக்காரனுக்கு வேண்டியது, கையில் இருக்கும் கல் எது என்று அங்கேயே சொல்லத் தெரிவது. அதற்காக 1774இல் அவர் வெளியிட்ட சிறுநூல் நிறம், மிளிர்வு, உடைமுகம், கடினம், தேய்த்தால் விழும் கீற்றின் நிறம், கனம், தொட்டால் தெரியும் குளிர்ச்சி என்று வெளிக்குணங்களை வரிசைப்படுத்துகிறது. நம் மாதிரிப் பேழையின் அட்டைகளில் உள்ள கட்டங்களும் ஏறக்குறைய இவையே. அவருடைய கோட்பாடு போய்விட்டது, அட்டை நிற்கிறது.

கோட்பாடு இதுதான். ஆதியில் பூமி முழுவதையும் ஒரே கடல் மூடியிருந்தது. அதில் கரைந்திருந்தவை முதலில் படிகமாக இறங்கி கிரானைட், பட்டை பட்டையான நைஸ், தகடு தகடான சிஸ்ட் ஆகிய ஆதிப்பாறைகள் ஆயின. கடல் வற்ற வற்ற இடைநிலைப் பாறைகளும், அவற்றின்மேல் சுண்ணாம்புக்கல், மணற்கல், நிலக்கரி, பசால்ட் அடங்கிய படுகைப் பாறைகளும், கடைசியில் வண்டலும் வந்தன. எரிமலை சில்லறை விஷயம்: நிலத்தடி நிலக்கரி தீப்பிடித்து அக்கம்பக்கத்துக் கல்லை உருக்குவதால் அண்மைக் காலத்தில் வந்தது. இந்தக் கட்சிக்குக் கடல் தெய்வத்தின் பெயரால் நெப்டியூனியர் என்றும், எதிர்க்கட்சிக்குப் பாதாள தெய்வத்தின் பெயரால் புளூட்டோனியர் என்றும் பெயர் வந்தது.

1787இல் வெர்னர் ஷைபன்பெர்க் குன்றைப் பார்த்தார். அடியில் மணலும் சரளையும், அதன்மேல் களிமண், அதன்மேல் மென்மையான சாம்பல் நிறக் கல், உச்சியில் தூண் தூணாகப் பசால்ட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றம் படிப்படியாக இருந்தது. எல்லாம் ஒரே நீரின் தொடர்ச்சியான வேலை என்று முடிவு கட்டினார். பார்த்ததில் பிழையில்லை. அடியில் இருப்பது பழைய ஆற்றுப் படிவு. அந்தப் பள்ளத்தாக்கில் லாவா வழிந்து நிரம்பியது. எல்லைக்கருகே இருந்த பொருள் மக்கிக் களிமண்ணாக மாறியதால் எல்லைக்கோடு அழிந்துபோனது. மக்கிய எல்லையை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சங்கத்தின் களக் குறிப்பேட்டில் ‘எல்லை: புதிதா, மக்கியதா’ என்ற கட்டம் இதன் விளைவாகவே சேர்க்கப்பட்டது.

கடல் கோட்பாட்டின் உண்மையான பலவீனம் கரைதிறன். சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சமையலுப்பு சுமார் 360 கிராம் கரையும். ஜிப்சம் 2 கிராமுக்குச் சற்று மேல். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் சில மில்லிகிராம்தான். லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோ குவார்ட்ஸுக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் வேண்டும். மலை மலையாகக் கிரானைட்டைக் கரைத்து வைத்திருந்த நீர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வெர்னர் கட்சியில் எவரும் பதில் சொல்லவில்லை.

ஓவெர்ன், எடின்பரோ

பிரான்சின் ஓவெர்ன் மலைகள் அணைந்த எரிமலைகள் என்பதை 1751இலேயே ழான் எத்தியேன் கெத்தார் கண்டார். கட்டடத்துக்குப் பயன்பட்ட கருமையான வோல்விக் கல்லின் ஊற்றிடத்தைத் தேடிப் போனதால் கிடைத்த பலன் அது. விந்தை என்னவென்றால், அவரே பின்னால் பசால்ட் நீரில் பிறந்தது என்று எழுதினார். முடிச்சை அவிழ்த்தவர் நிக்கோலா தெமாரே. 1763இல் அங்கே தூண் வடிவப் பசால்ட்டைப் பார்த்தவர், அதை விட்டுவிடாமல் மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, சந்தேகமற்ற லாவா ஓட்டத்தோடு அது சேர்வதைக் காட்டினார். வாதம் செய்ய வந்தவர்களுக்கு ‘போய்ப் பாருங்கள்’ என்பதே அவர் வழக்கமாகச் சொன்ன பதிலாம். போய்ப் பார்த்தவர்கள் மாறினார்கள் என்பதுதான் செய்தி. வெர்னரின் மாணவர் தோபுய்சோன் 1803இல் சாக்சனிப் பசால்ட் நீரில் வந்தது என்று நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ஓவெர்னுக்குப் போய் வந்து கருத்தை மாற்றிக்கொண்டார். லியோபோல்ட் ஃபொன் புக்கும் வெர்னரின் மாணவரே. அவருக்கு ஓவெர்ன் போதவில்லை, நார்வேயும் வேண்டியிருந்தது. அங்கே கிறிஸ்தியானியா (இன்றைய ஓஸ்லோ) அருகே புதைபடிவமுள்ள சுண்ணாம்புக்கல்லின்மேல் கிரானைட் கிடந்தது. ஆதிப்பாறை மேலே, பின்வந்த பாறை கீழே என்றால் வெர்னரின் அடுக்கு வரிசை நிற்காது.

ஜேம்ஸ் ஹட்டனின் கோட்பாடு 1785இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இரண்டு கூட்டங்களில் வாசிக்கப்பட்டது. ஹட்டன் உடல்நலமின்றி இருந்ததால் முதல் கூட்டத்தில் அவர் நண்பர் ஜோசப் பிளாக் வாசித்தார். நிலம் தேய்ந்து கடலடியில் படிகிறது, பூமியின் உள்வெப்பம் அதை இறுக்கி உயர்த்துகிறது, உருகிய பாறை இடுக்குகளில் புகுந்து உறைகிறது என்பது சாரம். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் கரிய சிஸ்ட்டைப் பிளந்துகொண்டு சிவந்த கிரானைட் நரம்புகள் ஓடுவதைக் கண்டார். சிஸ்ட்டுக்குள் கிரானைட் புகுந்திருக்கிறது என்றால் சிஸ்ட் முன்னது, கிரானைட் பின்னது. 1788இல் பார்த்த சிக்கார் பாயிண்ட் (செங்குத்தாக நிற்கும் பழைய படுகைகளின்மேல் பிந்திய படுகைகள் கிடக்கும் ஸ்காட்லாந்துக் கடற்கரை முனை) பற்றி நம் உறுப்பினர்கள் பல தடவை பேசியாயிற்று. அது காலத்தின் அளவைப் பற்றிய சான்று, பாறை உருகியதா என்ற இந்த வழக்குக்கு நேரடியாக உதவாது.

எடின்பரோ நகருக்குள்ளேயே உள்ள சால்ஸ்பரி கிராக்ஸ் பாறைமுகம் வேறு. அங்கே மணற்கல் படுகைகளுக்கிடையே டோலரைட் (பசால்ட்டின் இனம், மணி சற்றுப் பெரியது) புகுந்து, ஒரு மணற்கல் துண்டைப் பெயர்த்துத் தூக்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே இடத்தில் ஒரு டோலரைட் சுவரைக் காட்டி, மேலிருந்து விழுந்த வண்டல் நிரப்பிய பிளவு என்று 1820களில்கூட ராபர்ட் ஜேம்சன் பாடம் நடத்தினார் என்பதை அப்போது மாணவராக இருந்த சார்லஸ் டார்வின் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். இரு பக்கமும் சுட்டு இறுகிய கல் கண்ணெதிரே இருக்க இப்படி ஒரு விளக்கம் என்று டார்வினுக்கு எரிச்சல். வெர்னர் பெயரில் 1808இல் எடின்பரோவில் சங்கம் வைத்தவரும் இந்த ஜேம்சனே.

ஹாலின் உலை

ஆண்டின் பெரும்பகுதி இங்கேதான் செலவாயிற்று.

நெப்டியூனியர் வைத்த முதல் நல்ல ஆட்சேபம்: பசால்ட்டை உருக்கினால் கறுப்புக் கண்ணாடிதான் கிடைக்கிறது, கல் கிடைப்பதில்லை; ஆகவே கல் ஒருபோதும் உருகியிருக்க முடியாது. ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹாலுக்கு விடை லீத் துறைமுகக் கண்ணாடிப் பட்டறையில் கிடைத்தது. தவறுதலாக மெல்ல ஆறிய பச்சைக் கண்ணாடி ஒளி புகாத, சொரசொரப்பான கல்லாகியிருந்தது. அதையே மறுபடி உருக்கி வேகமாக ஆற்றினால் திரும்பவும் கண்ணாடி. ஹால் உள்ளூர் டோலரைட்டையும், எட்னா, வெசூவியஸ் லாவாக்களையும் மூசையில் (உருக்கும் கலத்தில்) உருக்கினார். வேகமாக ஆற்றியவை கண்ணாடி ஆயின. மெல்ல ஆற்றியவை கல் ஆயின. வேதியியலாளர் ராபர்ட் கென்னடி செய்த பகுப்பாய்வில் டோலரைட்டுக்கும் லாவாவுக்கும் கூட்டு ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது. முடிவுகள் 1798இல் வெளிவந்தன, ஹட்டன் இறந்த மறு ஆண்டு. சின்ன மூசையின் அடியைப் பார்த்து பூமியின் பெரிய வேலைகளை அளக்கலாகாது என்பது ஹட்டனின் எண்ணம். அவர் இருந்தவரை ஹால் வெளியிடாமல் காத்திருந்தார்.

உறுப்பினர் ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: கண்ணாடி ஏன் கல்லைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகுகிறது? படிகத்தில் அணுக்கள் ஒழுங்காகக் கட்டுண்டிருப்பதால் அது உருகக் குறிப்பிட்ட வெப்பநிலை வேண்டும். கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லாததால் கீழேயே இளகத் தொடங்குகிறது. ஹாலும் இந்த வேறுபாட்டைக் கண்டு பதிந்திருக்கிறார். அவர் எண்களை மட்டும் செல்சியஸுக்கு மாற்ற முயல வேண்டாம். அவை வெட்ஜ்வுட் வெப்பமானியின் எண்கள். உலையில் வைத்த களிமண் வில்லை எவ்வளவு சுருங்கியது என்பதை அளக்கும் கருவி அது. வெட்ஜ்வுட் கொடுத்த மாற்று விகிதம் மிகையாக உயர்ந்தது.

1804இல் கிரெகரி வாட் இதைப் பெரிய அளவில் செய்தார். இங்கிலாந்தின் ரோலி ராக் பசால்ட்டில் சுமார் 7 ஹண்ட்ரட்வெயிட், அதாவது 350 கிலோ அளவு, எதிரொளி உலையில் உருக்கி 8 நாள் ஆற விட்டார். வேகமாக ஆறிய பகுதியில் கண்ணாடி, உள்ளே போகப் போக உருண்டை உருண்டையான படிகக் கூட்டங்கள், பிறகு முழுக் கல் என்று ஒரே கட்டியில் எல்லாப் படிகளும் கிடைத்தன.

இதற்கு நாம் செய்துகாட்டியது சாலால் சோதனை. பள்ளிகளில் செய்து காட்ட விரும்புவோர் முறையைக் குறித்துக்கொள்ளவும். ஃபினைல் சாலிசிலேட் எனும் இந்தப் பொருள் சுமார் 42 டிகிரியில் உருகும். சில கிராம் தூளைச் சோதனைக் குழாயில் இட்டு, 60 டிகிரி வெந்நீரில் நிறுத்தவும். நேரடிச் சுடர் வேண்டாம். இரண்டு கண்ணாடி வில்லைகள்: ஒன்று குளிர்பெட்டியில் வைத்தது, மற்றது வெந்நீரில் தோய்த்துத் துடைத்தது. இரண்டிலும் இரண்டிரண்டு துளி விட்டு, ஒரு மணியளவு தூளை விதையாக வைக்கவும். குளிர்ந்த வில்லையில் பொடிப் படிகங்கள் உடனே நிறைந்துவிடும். சூடான வில்லையில் சிலவே தோன்றிப் பெரிதாக வளரும். சாலால் 42 டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கக்கூடியது. விதை வைக்க மறந்தால், முக்கியமாகத் தூள் முழுவதும் உருகி அதிகம் சூடேறியிருந்தால், எதுவும் நடக்காமல் பார்வையாளர் கலைந்துவிடுவார்கள். சூடான வில்லை 42 டிகிரிக்கு மேலே இருந்தால் விதையும் உருகிவிடும். அதைச் சற்று ஆறவிட்டு விதை வைக்க வேண்டும். தோலில் படாமல் கையுறை அணிக.

சுண்ணாம்புக்கல் ஆட்சேபம்

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மை, எழுப்பியவர்களில் அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் கிர்வனும் ஒருவர். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் போட்டால் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. பளிங்கு நெருப்பில் உண்டானது என்றால் அது ஏன் நீறவில்லை? ஹட்டன் சொன்ன பதில் அழுத்தம்: ஆழத்தில் மேலிருக்கும் கனம் வாயுவை வெளியேற விடாது. வாயு வெளியேறுகிறது என்பதை 1750களில் நிறுவியவர் அவர் நண்பர் பிளாக்தான். 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல் முழுதும் நீறினால் 56 கிராம் மிஞ்சும். 44 கிராம் கரியமில வாயு.

நாம் இதை எடைபோட்டுக் காட்ட எடுத்துக்கொண்டது பளிங்குச் சில்லு. சில்லு சுண்டைக்காய் அளவுக்கு மேல் போனால் நடு வேகாது. எடை 56ஐ எட்டாமல் 60க்கு மேலேயே நின்றுவிடும். உலை 900 டிகிரியைத் தாண்டி நிலைக்க வேண்டும். எடுத்த சூட்டோடு ஈரம் புகாத மூடியுள்ள பாத்திரத்தில் ஆறவைக்கவேண்டும். மழைக்காலத்தில் திறந்த தட்டில் வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடி, கணக்கு பொய்யாகும். நீற்றுச் சுண்ணாம்பில் தண்ணீர் படும்போது பொங்கிச் சூடேறும். கண்ணாடி அணியாமல் யாரும் நெருங்க வேண்டாம்.

ஹால் 1798 முதல் 1805 வரை இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு 500க்கு மேற்பட்ட சோதனைகள் செய்தார். தூளாக்கிய சாக்குச் சுண்ணாம்பை (சாக் எனும் மென்மையான வெண்சுண்ணாம்புக்கல்) சிறு குழலில் இடித்து அடைத்து, துப்பாக்கிக் குழலின் அடிமுனையில் வைத்து, அந்த முனையை உலைக்குள்ளும் வாயை வெளியிலும் வைத்தார். களிமண்ணால் வாயை அடைத்தபோது வாயு கசிந்தது. பிறகு பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் சேர்ந்த, வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் கலவையை ஊற்றி அடைத்தார். வாயில் அது உறைந்து நிற்கும், உள்ளே திரவமாகி அழுத்தும். இப்போது வேறு சிக்கல்: உருகிய உலோகம் விரிவதற்கு இடமின்றிக் குழல்கள் வெடித்தன. உள்ளே சிறிதளவு காற்றை விட்டுவைத்தார். விரிவைக் காற்று தாங்கிக்கொண்டது. வெடிப்பு குறைந்தபின்தான் நம்பத்தக்க முடிவுகள் வரத் தொடங்கின.

அவர் கண்ட எண்கள்: 52 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது 1,700 அடி ஆழக் கடலடியில் இருக்கும் அழுத்தத்தில், தூள் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். 86இல், ஏறத்தாழ 3,000 அடி, முழுப் பளிங்கு. 173இல், 5,700 அடி, உருகும். தூய கால்சைட் உருக 1,300 டிகிரிக்கு மேல் வெப்பமும் சுமார் 100 வளிமண்டல வாயு அழுத்தமும் வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டு அளவீடுகள் சொல்கின்றன. அதோடு வைத்துப் பார்த்தால் துப்பாக்கிக் குழலை வைத்து இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம். சோதனைக் கருவியால் பாறையின் பிறப்பைத் தேடும் துறை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஹட்டனுக்கே விழாக்கள் நடப்பதால் ஹால் மறைந்துபோகிறார்.

பயணமும் கைலென்ஸும்

தருமபுரிப் பக்கத்து டோலரைட் டைக்குகளை (பிளவில் புகுந்து சுவர்போல் உறைந்த பாறைகளை) பார்ப்பதற்கான முறைத்தாள் இந்த ஆண்டு தயாராயிற்று. கல் வியாபாரத்தில் ‘பிளாக் கிரானைட்’ என்று மெருகேறி ஏற்றுமதியாகும் கல்லில் பெரும்பகுதி டோலரைட், கேப்ரோ இனத்தைச் சேர்ந்ததுதான். எடின்பரோவில் சண்டைக்குக் காரணமான கல்லும் இதே குடும்பம். ஆகவே வீட்டுச் சமையல்மேடையிலும் பாடம் உண்டு.

எல்லையிலிருந்து நடுவை நோக்கி 5, 20, 50 செ.மீ., பிறகு நடு என்று துண்டுகள் எடுத்து 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். விளிம்பில் மணிகள் தெரியாத கறுப்பு. நடுவில் வெண்மையான ஃபெல்ஸ்பார் பட்டைகள் தனித்தனியே தெரியும். இரு விளிம்பும் நுண்மணியாக, இரு பக்கப் பாறையும் சுடப்பட்டிருந்தால் அது உள்ளே புகுந்தது. கீழே மட்டும் சுடப்பட்டு, மேலே குமிழ்த் துளைகளும் மக்கிய பரப்பும் இருந்தால் அது தரைமேல் ஓடிய லாவா. ஆனால் தருமபுரியில் சுற்றுப்பாறை முன்பே பெருஞ்சூட்டில் வெந்த நைஸும் சார்னோக்கைட் எனும் பரங்கிமலைக் கல்லும். எடின்பரோ மணற்கல்லைப் போலச் சுட்ட விளிம்பு அங்கே பளிச்சென்று தெரியாது. அது தெரியவில்லை என்று புகுந்த பாறையை மறுக்கலாகாது. விளிம்பு மணியளவே சான்று. இயங்கும் குவாரிக்குள் அனுமதியின்றி நுழைவதும், வெடி வைக்கும் நேரத்தில் நிற்பதும் தடை.

சுட்ட விளிம்பு ஏமாற்றவும் செய்யும். வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் கடற்கரையில் பசால்ட்டுக்குள் அம்மோனைட் ஓடுகள் கிடைக்கின்றன என்று வில்லியம் ரிச்சர்ட்சன் அறிவித்தபோது நெப்டியூனியர் கொண்டாடினார்கள். உண்மையில் அது பசால்ட் அல்ல. பக்கத்தில் புகுந்த டோலரைட்டால் சுடப்பட்டு, பசால்ட் போலவே கறுத்து இறுகிய களிப்பாறை. புதைபடிவங்கள் அந்தக் களிப்பாறைக்கு உரியவை.

பாக்கி நின்ற ஆட்சேபங்கள்

கண்காட்சிப் பலகையில் ‘நெருப்பு வென்றது’ என்று ஒரே வரியில் எழுதலாமா என்ற விவாதம் செயற்குழுவில் நீண்டது. எழுதவில்லை. காரணம், வெர்னர் கட்சியின் இன்னும் சில கேள்விகளுக்கு ஹட்டனிடம் பதில் இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் மற்ற மணிகளின் இடைவெளியை நிரப்பி, கடைசியில் உறைந்தது போல நிற்கிறது. உருக மிகக் கடினமானது குவார்ட்ஸ். உருகிய குழம்பு ஆறினால் அதுவே முதலில் உறைய வேண்டாமா? பாறைக்குழம்பை ஒரு கரைசலாகப் பார்க்க வேண்டும் என்று 1861இல் வேதியியலாளர் பன்சன் சொன்ன பிறகுதான் இதற்கு வழி பிறந்தது: கரைசலில் எது முதலில் பிரியும் என்பதை அதன் தனி உருகுநிலை தீர்மானிப்பதில்லை, கலவையில் அதன் பங்கு தீர்மானிக்கிறது. அதற்கு முன்பே, 1858இல், ஹென்றி சோர்பி மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து, கிரானைட்டின் குவார்ட்ஸுக்குள் நீர்த்துளிகள் அடைபட்டிருப்பதைக் காட்டினார். அழுத்தத்தில் நீர் சேர்ந்தால் கிரானைட் 700 டிகிரிக்கு அருகிலேயே உருகத் தொடங்கும். நெருப்புப் பாறைக்குள் நீருக்கும் வேலை இருந்திருக்கிறது.

பசால்ட்டின் குமிழ்களில் நீர் அடங்கிய ஜியோலைட் கனிமங்கள் இருப்பதையும் நெப்டியூனியர் காட்டினார்கள். புணேப் பக்கத்துத் தக்காணப் பசால்ட்டில் கிடைக்கும் ஜியோலைட் கொத்துகள் நம் பேழையிலும் உண்டு. லாவா உறைந்த பிறகு ஊறிவந்த வெந்நீர் அவற்றைப் படியவைத்தது என்பது விடை. மறுபுறம், மணற்கல்லும் சாக்குச் சுண்ணாம்பில் உள்ள சக்கிமுக்கியும் வெப்பத்தால் இறுகியவை என்று ஹட்டன் சாதித்தது தவறு. மணலை மணலோடு பிணைப்பது நீர் கொண்டுவரும் சிலிக்காவும் சுண்ணாம்பும்தான். இந்த இடத்தில் வெர்னர் பக்கம் சரி.

பரங்கிமலை, பல்லாவரம் கல்லுக்கும் இதே கதை நடந்தது. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் அதற்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டார்; 1900இல் வெளியிட்ட ஆய்வில் அதைத் தீப்பாறையாகவே கொண்டார். பூமியோட்டின் ஆழத்தில் பெருஞ்சூட்டிலும் வறட்சியிலும் உருமாறியது என்ற கருத்து பின்னால் வலுப்பெற்றது. இன்று ஒவ்வொரு இடத்தையும் தனியே பார்த்தே சொல்கிறார்கள். பலகையில் இந்தக் கல்லின் கீழே இரண்டு விளக்கங்களும் இடம்பெறும்.

நிர்வாகம்

மாதிரிப் பேழையில் பளிங்கு, சுட்ட சுண்ணாம்பு, டோலரைட் விளிம்பு வரிசை ஆகியவை சேர்ந்துள்ளன. சுட்ட சுண்ணாம்பு மெழுகிட்ட புட்டியில் இருக்கிறது. திறக்க வேண்டாம், சில வாரங்களில் பொடியாகிவிடும். அமிலச் சோதனைப் புட்டியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டுமே வைக்கப்படும். நீர்க்கும்போது அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. டோலமைட் மாதிரி நுரைக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். கத்தியால் சுரண்டிப் பொடியாக்கிய இடத்தில் விட்டால் நுரைக்கும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது ஸ்டெனோவின் படுகை விதிகளும் (கீழ்ப்படுகை முந்தியது என்பன போன்றவை) வில்லியம் ஸ்மித்தின் 1815 பாறை வரைபடமும். பொதுக்குழு மாற்றலாம். லென்ஸ் எடுத்துச் சென்றவர்கள் திருப்பித் தந்தால் பயணத்துக்குப் புதிது வாங்கும் செலவு மிச்சம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்